ஆற்றுப்புன்னையைக் கடலுக்கு அனுப்பாதீர்

விடுநர்:
தா. சத்தியநேசன்,
தலைவர், கல்லடிக்கடவு குடியிருப்போர் மன்றம்,
ஆற்றங்கரை வரிசை, கல்லடிக்கடவு,
திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: கல்லடிக்கடவு ஆற்றங்கரையில் நிற்கும் எட்டுப் புன்னை மரங்களை வேரோடு பெயர்த்துக் கடற்கரைப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லும் பணியை நிறுத்தி ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கரையோர எழில் திட்ட அலுவலகம் எங்களுக்கு விடுத்த மறுமொழிக் கடிதம், நாள் 06.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

மொழிச் சிறுபான்மையினர் தம் தாய்மொழியில் முறையிடலாம் என்னும் உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மலையாள மொழிபெயர்ப்பு தனியே இணைக்கப்பட்டுள்ளது. எனினும் தமிழ் அறிந்த ஒருவரைக் கொண்டு மூலத்தையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்குமாறு வேண்டுகிறேன். எங்கள் மக்களும் திட்ட அலுவலகத்தாரும் பேசியவற்றை அவரவர் வாய்மொழியாகவே இதில் எழுதியுள்ளேன். சான்று என்பது திருத்தி எழுதப்படக் கூடாதது.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வரும் மே 26 ஆம் நாள் காலை, கரையோர எழில் திட்டத்தின் பாரந்தூக்கி வண்டி எங்கள் கரைக்கு வருகிறது. அங்கு நிற்கும் எட்டு மரங்களையும் பெயர்க்கப்போகிறது. மரம் போனால் கரை போகும். கரை போனால் முதலில் மாடம்மாள் என்பவரின் ஒற்றை அறை ஆற்றில் விழும். அடுத்த மழைக்குள் ஏனைய வீடுகளும் விழும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்க ஒரு கிழமையே இருக்கும் வேளையில் இது நடக்கவிருக்கிறது. இதைத் தாங்கள் நிறுத்த வேண்டும். நிறுத்துவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் பக்கம் இருப்பது இரக்கத்துக்குரிய கதை மட்டுமன்று. மரத்தின் இலையிலும் காயிலும் எழுதியிருக்கும் உண்மையும் எங்கள் பக்கமே இருக்கிறது.

1. கல்லடிக்கடவு, கரமனை ஆற்றின் சிறு கிளையொன்றின் இடக்கரையில் உள்ள குடியிருப்பு. இருபத்திரண்டு வீடுகள். நெல்லை, தென்காசி, குமரி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களும், வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்தவர்களும் வாழ்கிறோம். ஆடவர் பெரும்பாலும் கழக்கூட்டத்தில் எழும் அடுக்குமாடிகளுக்குக் கடைக்கால் தோண்டுவோர், கம்பி கட்டுவோர். பெண்டிர் பலர் தம்பானூர் உணவகங்களில் மாவரைப்போர், காய் நறுக்குவோர். வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்து எங்களைவிட நன்றாக மலையாளம் பேசுகிறார்கள். இந்நகரின் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றின் அடியில் எங்கள் மண்வெட்டி பட்டிருக்கிறது. ஆகவே விருந்தினர் குரலில் அன்று, ஊர்க்காரர் குரலில் பேசுகிறேன்.

2. எங்கள் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் இடையே ஒன்பது புன்னை மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றை நாங்கள் நடவில்லை. எங்களுக்கு முன்பே அங்கு இருந்தவை. அடிமரம் நீரை ஒட்டி நிற்கும். வேர்கள் கரைமண்ணுக்குள் கூடை முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கும். பெருவெள்ளம் வந்த ஆண்டில் நீர் அம்மரங்களின் இடுப்பளவு ஏறி நின்றது. வடிந்தபின் பார்த்தோம், கரையில் ஒரு கூடை மண்கூடப் பெயர்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு, அதே ஆற்றில், சற்றுக் கீழே கருங்கல்லால் கட்டிய சுவர் சரிந்தது என்பதைத் தங்கள் அலுவலகக் கோப்புகளே சொல்லும்.

3. சென்ற ஓணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன், திட்ட அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் திரு. ரதீஷ் எங்களைத் தேடி வந்தார். அவரை நல்லவர் என்றே சொல்வேன். அதட்டவில்லை, ஆணை காட்டவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே பேசினார். கடற்கரையில் புதிய பூங்கா அமைகிறது, அங்கு மண்ணின் மரங்களை வளர்ந்த நிலையிலேயே கொண்டுவந்து நடப்போகிறோம், முதலில் உங்கள் கரையிலிருந்து ஒரு புன்னையைத் தாருங்கள் என்றார். பின்பு அவர் சொன்னது இது: "புன்னை கடப்புறத்து மரம் அல்லே? அது இவிட ஆற்றுல வந்து மாட்டிக்கிட்டு நிக்குது, பாவம். நம்ம அதை அதோட வீட்டுக்குக் கொண்டுபோய் விடுறோம். அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்."

வீடு என்ற அந்தச் சொல்லில் எங்கள் மக்கள் இளகிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிருந்து எவர் புறப்பட்டாலும், மணமாகிப் போகும் பெண்ணானாலும், வளைகுடாவுக்கு விமானம் ஏறும் இளைஞனானாலும், விற்றுப்போன கறவை மாடானாலும், வெறுமையாக அனுப்புவதில்லை. மஞ்சள் துணி, ஒரு மாலை, வழிக்குக் கட்டுச்சோறு. அதையே மரத்துக்கும் செய்தார்கள். மரத்துக்கு மிக அருகில் வீடு வைத்திருந்த மாடம்மாள், மஞ்சள் தோய்த்த துணியை அடிமரத்தில் கட்டினார். கம்பி கட்டும் வேல்சாமி அவரைச் சீண்டினார்: "ஏ மாடம்மா, பொண்ணு பெரிய எடத்துக்குல்லா போறா. சீதனம் என்ன குடுக்க?" மாடம்மாள் திரும்பிப் பாராமலே சொன்னார்: "இத்தன வருசம் நெழலு குடுத்தவளுக்கு நான் என்னத்தச் சீதனம் குடுக்க? மாப்பிள வீட்டுக்காரன் நம்மகிட்ட லாரி வாடக கேக்காம இருந்தாச் சரி." பெண்கள் குலவையிட்டார்கள். மரம் சென்ற வண்டியில் எலுமிச்சைச் சோற்றுப் பொதி ஒன்றும் சென்றது. இவை யாவும் ஒளிப்படமாக எடுக்கப்பட்டன.

4. மரத்தைச் சுற்றித் தோண்டத் திட்ட அலுவலகத்தார் போதிய ஆட்களை அழைத்து வரவில்லை. மேற்பார்வையாளர் எங்கள் ஆடவரைப் பார்த்து, "சேட்டன்மாரே, ஒரு கை தாங்க" என்றார். கை கேட்டால் தருபவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் கைகள் எதற்குப் பழகியவை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவை கடைக்கால் குழி தோண்டும் கைகள். நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து, நாற்புறமும் செங்குத்தாக, அடி சமமாகத் தோண்டுவதே அவர்கள் அறிந்த நல்ல வேலை. நூலைத் தாண்டி நீண்ட வேர் ஒவ்வொன்றையும், குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நறுக்குவதுபோலக் கோடரியால் நறுக்கினார்கள். பொழுது சாயும் முன் வேலை முடிந்தது. வேல்சாமி என்னை அழைத்துக் காட்டினார்: "பாருங்க அண்ணாச்சி, நூல் புடிச்ச மாதிரி இருக்கு. லிஃப்ட் குழிகூட இப்படி வராது."

உண்மைதான், வராது. மரத்தை எடுக்கும் குழி அப்படி வரவும் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் சென்றபின் அக்குழியை மூட எவரும் வரவில்லை. ஆற்றங்கரையில், ஒரு வீட்டின் அடுக்களைச் சுவரை ஒட்டி, நான்கு மூலையும் வாய்த்த ஆழக்குழி ஒன்று வாய் திறந்து கிடந்தது.

5. ஐப்பசி மழையில் அக்குழி நிரம்பியது. வேரற்ற அதன் செங்குத்துச் சுவர் ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. அதன் பின்னே மாடம்மாளின் அடுக்களை, ஆட்டுக்கல்லும் எரிவாயு அடுப்பும் உட்பட, நீரில் இறங்கியது. அவர் அப்போது தம்பானூரில் பிறருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். அதனால் உயிர் பிழைத்தார். மதியம் திரும்பி வந்து, கரை இருந்த இடத்தில் நீர் இருப்பதைப் பார்த்தார். பிறகு எங்களிடம், "வீட்டுக்குப் போறேன்னு போனவ, எஞ் சமையக்கட்டையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டா" என்றார். சிரிக்கச் சொன்ன சொல்தான். எவரும் சிரிக்கவில்லை.

இப்போது அவர் முன்னறையில் மட்டும் வாழ்கிறார், அங்கேயே சமைக்கிறார். ஆற்றில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த அறையின் தரைக்கு அடியில் மண் இல்லை என்பது தெரியும். இரண்டாவது புன்னையின் வேர்கள் உள்ளன. அவற்றின் மேல்தான் அந்தத் தரை நிற்கிறது. மே 26 அன்று முதலில் பெயர்க்கப்படவிருப்பது அந்த இரண்டாவது புன்னை.

6. கடற்கரைக்குச் சென்ற மரம் என்னவாயிற்று என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். ஓணக் கிழமையில் அதைச் சுற்றி வண்ணவிளக்கு எரிந்தது. நான்கு இரும்புக் கால்கள் முட்டுக் கொடுத்தன. கார்த்திகையில் இலை கருகியது. தைத் திங்களில் நானும் மாடம்மாளும் நேரில் சென்று பார்த்தோம். பட்டை உரிந்து, வெயிலில் வெளுத்து, அந்த இரும்புக் கால்கள் விடாததால் மட்டுமே நின்றுகொண்டிருந்தது. அருகே பதித்திருந்த பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது. "புன்னை: கடற்கரையின் சொந்த மரம்" என்று அதில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மாடம்மாள், "என்னல எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். படித்துச் சொன்னேன். "சொந்தம்னா ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டாவளா?" என்றார்.

7. எஞ்சிய மரங்களையும் கொண்டுசெல்லப்போவதாக அறிவிப்பு வந்ததும் திட்ட அலுவலகத்துக்கு முறையிட்டோம். அதற்கு வந்த விடையே பார்வையில் குறித்துள்ள கடிதம். அது மூன்று செய்திகளைச் சொல்கிறது. குடியிருப்போர் மகிழ்ச்சியுடன் இசைவு தந்தனர், அதற்கு ஒளிப்படச் சான்று உண்டு என்பது ஒன்று. புன்னை பழந்தமிழ் நிலப்பகுப்பின்படி நெய்தல் நிலத்து மரம், எனவே ஆற்றங்கரையில் அது அயல்மரம், கடற்கரையே அதன் இயற்கையிடம் என்பது மற்றொன்று. முதல் மரம் பட்டுப்போனதற்குக் குடியிருப்போர் தாமாகவே வேர்களை வெட்டியதே காரணம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை சொல்கிறேன்.

8. ஒளிப்படம் உண்மை. அதில் குலவையிடுபவர் மாடம்மாள். மாலையைப் பிடித்து நிற்பவன் நான். மறுக்கவில்லை, மறுக்க நாணவும் இல்லை. ஆனால் வழியனுப்புதல் என்பது கொடைப்பத்திரம் ஆகாது. ஒரு மகளை வாழ்த்தி அனுப்பிய வீட்டுக்குள் மறுமுறை நுழைந்து, எஞ்சிய எட்டு மகளிரையும் கையைப் பிடித்து இழுத்து, "அன்று குலவையிட்டீர்களே" என்று கேட்கும் முறை எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. அதிலும், போன மகள் புகுந்த வீட்டில் மூன்று திங்களில் மாண்ட பிறகு.

9. அடுத்து, புன்னை எந்த நிலத்து மரம் என்னும் கேள்வி. இதில் எவருடனும் எந்த மேடையிலும் வாதிட அணியமாக இருக்கிறேன். இருப்பினும் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதற்காக, நகரக் கல்லூரி ஒன்றில் நிலைத்திணையியல் (தாவரவியல்) கற்பிக்கும் பேராசிரியர் திருமதி ரெம்யா அவர்களை எங்கள் கரைக்கு அழைத்து வந்தேன். கிளையைத் தாழ்த்தி ஒரு பூங்கொத்தைப் பார்த்தவர் உடனே சொன்னார்: "சாரே, இது கடல்புன்னையே அல்ல. பூவைப் பாருங்க, இதுக்கு இதழே இல்லை. கடல்புன்னையில வெள்ளை இதழ் நல்லாத் தெரியும். இது ஆற்றுப்புன்னை. ஞங்கள் சிறுபுன்ன என்று பறயும்."

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. புன்னை என்பது ஒற்றை மரத்தின் பெயரன்று. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அறிவியலார் அப்பேரினத்தைக் கலோபில்லம் என்பர். கிரேக்க மொழியில் அழகிய இலை என்று பொருள். இலையின் நடுநரம்பிலிருந்து விளிம்புவரை மயிரிழைபோல் நெருங்கி ஓடும் கோடுகளைப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் புரியும். உலகின் வெப்ப நாடுகளில் இப்பேரினத்துச் சிற்றினங்கள் இருநூற்றை நெருங்கும். மிகுதியானவை மலேயத் தீவுகளின் காடுகளில் வாழ்கின்றன. மடகாசுகரிலும் இலங்கையிலும் ஆத்திரேலியாவின் வட கோடியிலும் பசிபிக் தீவுகளிலும் இவற்றின் உறவுகள் உண்டு. சில கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலும் நிற்கின்றன. இவற்றுள் கடற்கரையைத் தன் இடமாகக் கொண்டது கடற்புன்னை. அதன் காய் பெரிது, உருண்டை. உப்புநீரில் மிதந்து கரைவிட்டுக் கரை சேர்ந்து முளைக்கும். உப்புக்காற்று அதன் தாய்ப்பால்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பொன்முடி, அகத்தியமலைப் பக்கத்துப் பசுங்காடுகளில் வானுயர நேராக எழும் காட்டுப்புன்னை உண்டு. ஒருகாலத்தில் மரக்கலங்களின் பாய்மரத்துக்கு நாடப்பட்ட இனம் அது. அதே மலைகளில், உலகில் வேறெங்கும் இல்லாமல் இத்தென்மலைகளில் மட்டும் வாழும் இன்னொரு புன்னையும் உண்டு. மலைக்கும் கடலுக்கும் இடையே, ஓடைகளையும் ஆறுகளையும் பற்றிக்கொண்டு, நன்னீரில் கால் நனைத்து நிற்பது ஆற்றுப்புன்னை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளுக்கும் அதன் ஆறுகளுக்கும் மட்டுமே உரியது. எங்கள் கரையில் நிற்கும் எட்டும் அவையே. திட்ட அலுவலகம் அயல்மரம் என்று எழுதியது, உலகத்திலேயே இந்த நிலப்பகுதிக்கு மட்டும் உரிய மரத்தை.

தங்கள் பார்வைக்காக இரு இலைகளையும் இரு காய்களையும் இணைத்துள்ளேன். பெரிய இலையும் பெரிய காயும் கடற்கரையில் பொறுக்கியவை. சிறிய இலையும், சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிய காயும் எங்கள் கரையில் பொறுக்கியவை. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வல்லுநர் குழு எதுவும் தேவைப்படாது.

10. நெய்தல் நிலம் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். இவ்வாதத்தைக் கடிதத்தில் படித்ததோடு அமையாமல் திரு. ரதீஷ் அவர்களை அலுவலகத்திலும் சந்தித்தேன். அவர் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நிங்க தமிழ் ஆளு. புன்னை நெய்தல் மரம்னு உங்க பழைய புஸ்தகத்துல தானே உள்ளது? நாங்க அதை நோக்கித் தானே ரிப்போர்ட் எழுதினது. இப்போ நிங்களே மாற்றிப் பறஞ்ஞா எப்படி?"

ஒரு பொறியாளர் வாயிலிருந்து திணையின் பெயரைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. நம் முன்னோரைத் திட்ட அறிக்கையில் மேற்கோளாகக் காட்டுவதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஐந்நிலப் பகுப்பை வகுத்தவர்கள் மாந்தரின் அகவாழ்வைப் பாட நிலத்தைத் துணைக்கழைத்தவர்கள். கடலோரத்துக்குக் கடற்புன்னையைக் கண்டு சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். பிறிதொரு புன்னையைப் பிடுங்கிக்கொண்டு போய் மணலில் ஊன்றுங்கள் என்று அவர்கள் எவருக்கும் பணியாணை தரவில்லை. பகுப்பின்படிதான் நடப்போம் என்று திட்ட அலுவலகம் பிடிவாதம் பிடிக்குமானால், திரு. ரதீஷிடம் நான் கேட்டதையே தங்களிடமும் கேட்கிறேன். குறிஞ்சியாகிய மலைநிலத்துக்கு உரிய தெய்வம் முருகன் என்பதும் அதே பகுப்புத்தான். அப்படியானால், கடலலை வந்து மதிலில் மோதும் திருச்செந்தூர்க் கோயிலைப் பெயர்த்துப் பொன்முடிக்கு ஏற்ற எத்தனை பாரந்தூக்கிகள் தேவைப்படும்?

திரு. ரதீஷ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "அண்ணாச்சி பறஞ்ஞது சரிதான். பக்ஷே ஃபைல் மேல போயாச்சே, இனி என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் மேல் எனக்குச் சினமில்லை. மேலே போன கோப்பைக் கீழே இறக்கும் கை தங்களுடையது என்பதால்தான் இம்மனு.

11. மூன்றாவது, வேர்களை வெட்டியவர்கள் எங்கள் ஆடவர் என்பது. ஆம், வெட்டினார்கள். கூலி கேட்காமல், அழைத்ததால் வந்து, தாம் அறிந்த முறையில் செவ்வையாக வெட்டினார்கள். தச்சரை அழைத்து வந்து மாட்டுக்கு மருத்துவம் பார்க்கச் சொல்லிவிட்டு, மாடு இறந்ததும் உளியைக் குறைசொல்வது நேர்மையன்று. ஒருவேளை ஒரு வேரும் அறுபடாமல் அம்மரம் கடற்கரைக்குச் சென்றிருந்தாலும், நன்னீர் மரம் உப்புமணலில் வாழ்ந்திருக்காது என்பது பேராசிரியரின் எழுத்து வழிக் கருத்து. அதுவும் இணைப்பில் உள்ளது. அன்று முதல் வேல்சாமி அந்தக் குழியிருந்த பக்கம் போவதில்லை. அவரையும் ஏனையோரையும் குற்றவாளிகளாக்கி எழுதிய வரியைத் திட்ட அலுவலகம் திரும்பப் பெற வேண்டும் என்பதையும் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

12. கடற்கரைப் பூங்கா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அழகை எதிர்த்து மனு எழுதும் அளவுக்கு நாங்கள் வறண்டவர்களல்லர். கடற்கரைக்குக் கடற்புன்னை வேண்டும். மீனவர் குடியிருப்புகளின் ஓரத்தில் அவை இன்றும் நிற்கின்றன. அடியில் காய்கள் உதிர்ந்து கிடக்கின்றன. தானே முளைத்த கன்றுகளும் உண்டு. அவற்றைக் கொண்டு பூங்காவை நிரப்பலாம். கன்றுகளை எடுக்கவும் நடவும் முதல் மழைவரை நீரூற்றவும் எங்கள் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். வேல்சாமி முதல் ஆளாக வருவார். இம்முறை குழி வட்டமாக இருக்கும்.

13. ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறேன்.

(அ) கல்லடிக்கடவுக் கரையிலுள்ள எட்டு ஆற்றுப்புன்னைகளைப் பெயர்க்கும் ஆணையை மே 26க்கு முன் நீக்க வேண்டும். இடைக்காலத் தடை என்று எழுதி மழை முடிந்ததும் மீண்டும் வரும் வாய்ப்பை விட்டுவைக்க வேண்டாம்.

(ஆ) மாடம்மாளின் வீட்டை ஒட்டி, குழியோடு சரிந்த கரையைக் கருங்கல்லும் செம்மண்ணும் இட்டு மழைக்கு முன் அடைக்க வேண்டும். அப்பணி முடியும்வரை அவர் தங்குவதற்கு மாற்றிடம் தர வேண்டும். இதை அவர் கேட்கவில்லை. "நான் ஏன் போகணும், மரத்த விட்டா எல்லாம் நிக்கும்" என்கிறார். அவருக்காக நான் கேட்கிறேன்.

(இ) இடிந்த அடுக்களையைக் கட்டித்தரும் பொறுப்பைத் திட்ட அலுவலகம் ஏற்க வேண்டும்.

(ஈ) தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ நேரில் வந்து, ஆற்றுக்குள் இறங்கி, அந்த அறையின் தரையை அடியிலிருந்து பார்க்க வேண்டும். முழங்கால் நீர்தான்.

14. மனுவை முடித்து மடிக்கும் வேளையில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், பெயர் ஷாஜி. பாரந்தூக்கி வண்டியை ஓட்டுபவர். மே 26 அன்று எங்கள் கரைக்கு வர அவருக்குத்தான் வேலை ஒதுக்கப்பட்டுள்ளது. முன்கூட்டியே இடம் பார்க்க வந்தவர், ஆற்றில் இறங்கி மாடம்மாளின் அறையை அடியிலிருந்து பார்த்திருக்கிறார். நேரே என்னிடம் வந்தார். அவர் சொன்னதை அவர் இசைவோடு எழுதுகிறேன்:

"அண்ணா, அந்த ரெண்டாவது மரத்துல பெல்ட் இட்டுத் தூக்கினா மரம் மாத்ரம் வராது. அந்தச் சேச்சியோட தரையும் கூடெ வரும். அவங்க உள்ள இருக்காங்களா இல்லையான்னு மேல இருக்கற எனக்குக் காணாது. ஆர்டர் வந்தா ஞான் வரணும். வரலேன்னா வேற ஆளை விடுவாங்க, அவன் கீழ எறங்கிப் பார்க்க மாட்டான். அதுகொண்டு ஆர்டர் வராம பாருங்க."

இம்மனுவில் தானும் கையொப்பமிடுவதாகச் சொன்னார். வேலைக்கு இடையூறு வரும் என்று தடுத்தேன். "பேரு எழுதிக்கோங்க அண்ணா. நாளைக்கு என்னெங்கிலும் ஆச்சுன்னா லிவர்ல இருக்கப்போறது என் கை அல்லே" என்றார். மனுத்தாளை அவர் முன் வைத்தேன். இவர்மேல் எந்த நடவடிக்கையும் பாயாமல் காக்க வேண்டும் என்பது என் இறுதிக் கோரிக்கை.

ஐயா, மரத்தை எடுக்கச் சொன்னவர், அறிக்கை எழுதியவர், தூக்கும் வண்டியை ஓட்டுபவர் என மூவருள் ஒருவரே அந்தத் தரையின் அடியைப் பார்த்திருக்கிறார். அவர் வேண்டாம் என்கிறார். அவர் சொல்லைத் தாங்கள் ஆணையாக்குவீர்கள் என்னும் உறுதியோடு,

எட்டு மரங்களுக்கும் இருபத்திரண்டு வீடுகளுக்கும் பொறுப்பேற்று,

(கையொப்பம்)
தா. சத்தியநேசன்

இடம்: கல்லடிக்கடவு, திருவனந்தபுரம்
நாள்: 19.05.2025

இணைப்பு: புன்னை இலைகள் இரண்டு, காய்கள் இரண்டு, பேராசிரியர் ரெம்யாவின் கருத்துரை, மரம் அனுப்பிய நாளின் ஒளிப்படம், மலையாள மொழிபெயர்ப்பு.

உடன் கையொப்பமிட்டோர்:
மாடம்மாள் (இடக்கைப் பெருவிரல் பதிவு)
வேல்சாமி
மற்றும் பத்தொன்பது வீட்டார் (தனித்தாளில்)

பத்தி 14இல் உள்ளது நான் சொன்னதே. 26 ஆம் நாள் காலை வரை வண்டி என் பொறுப்பில் இருக்கும், அதற்குள் நிறுத்தும் ஆணை வர வேண்டும்.
ஷாஜி (மலையாளத்தில் கையொப்பம்)